'சம்மர் இன் பாரடைஸ்' கெட்டது பிரையன் இல்லாததாலா?

12 ஜூன் 2025

பிரையன் வில்சன், அமெரிக்கப் பாட்டுக் குழுவான பீச் பாய்ஸின் மூளை. அவரைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பிரையன் வில்சன் நேற்றுப் போய்ச் சேர்ந்துவிட்டார். பீச் பாய்ஸ் ஆல்பங்களில் அவர் கை படாதது 1992-இல் வந்த 'சம்மர் இன் பாரடைஸ்' ஒன்றுதான். இருப்பதிலேயே மோசமானதும் அதுதான். இதற்கு மேல் காரணம் தேட வேண்டுமா?"

வேண்டும். அந்தக் கணக்கு ரொம்ப சுலபமாக இருக்கிறது. அதனாலேயே எனக்குச் சந்தேகம்.

இந்த ஆல்பத்தின் சிடி என்னிடம் இருக்கிறது. 1997-இல் சித்தப்பா மகன் சான் ஹோசேயிலிருந்து லீவுக்கு வந்தபோது கொண்டுவந்தான். கடையில் தள்ளுபடிக் கூடையில் இரண்டு டாலருக்குக் கிடந்ததாம். அதற்கு முன் அவன் கொடுத்த, இவர்களின் 1966 ஆல்பமான 'பெட் சவுண்ட்ஸ்' கேசட்டை நான் நாடா தேயும் வரை கேட்டிருந்தேன். அதனால் இதையும் அப்படிக் கேட்பேன் என்று நினைத்திருக்கிறான், பாவம். முதல் நாள் முழுதாகக் கேட்டேன். மறுநாள் பாதி. பிறகு அது அலமாரியில் பாமாலைப் புத்தகத்துக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு நின்றது.

ஆயிரம் பிரதிகூட விற்கவில்லை என்று ஒரு கதை சுற்றுகிறது. எனக்கு நம்பிக்கை இல்லை. ஆயிரத்தில் ஒன்று திருநெல்வேலிக்கு வந்து சேருமா? ஆனால் அமெரிக்க ஆல்பங்களை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலின் முதல் 200 இடங்களுக்குள் அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பது உண்மை.

13 ஜூன் 2025

நேற்று எழுதியதைத் தொடர்கிறேன்.

பிரையன் ஒதுங்கியது 1992-இல் அல்ல. 1967-இல் 'ஸ்மைல்' ஆல்பம் பாதியில் நின்ற பிறகே அவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போய்விட்டார். அந்த இடத்தை மற்றவர்கள் நிரப்பினார்கள், அதுவும் நன்றாக நிரப்பினார்கள். 1970-இல் வந்த 'சன்ஃபிளவர்' ஆல்பத்தில் நடுத்தம்பி டென்னிஸ் எழுதிப் பாடிய 'ஃபாரெவர்' இருக்கிறது. 1971-இல் 'சர்ஃப்ஸ் அப்' ஆல்பத்தில் கடைசித்தம்பி கார்லின் இரண்டு பாட்டும் புரூஸ் ஜான்ஸ்டனின் ஒரு பாட்டும் பிரையனுடையவற்றுக்குப் பக்கத்தில் கூச்சமில்லாமல் நிற்கின்றன. 1972-இல் நெதர்லாந்துக்கே மூட்டை கட்டிப் போய் 'ஹாலண்ட்' பதிவு செய்தார்கள். அதில் கார்லின் 'தி டிரேடர்' ஒன்றுக்காகவே அந்தப் பயணச் செலவைக் கொடுக்கலாம்.

ஆக, அண்ணன் இல்லாமலும் வீடு நடந்தது. 1992-இல் ஏன் நடக்கவில்லை என்பதுதான் கேள்வி. டென்னிஸ் அப்போது இல்லை, 1983 டிசம்பரில் மெரினா டெல் ரேயில் மூழ்கி இறந்துவிட்டார். ஆனால் கார்ல் இருந்தார், வயது 45, குரல் அப்படியே இருந்தது. புரூஸ் இருந்தார். ஆல் ஜார்டீன் இருந்தார். வில்சன்களின் அத்தை மகன் மைக் லவ் இருந்தார். இத்தனை குரல் போதாதா ஒரு கொயருக்கு?

13 ஜூன் 2025, இரவு

ஒரு திருத்தம். "பிரையன் கை படாதது" என்பதும் முழுக்கச் சரியில்லை. ஆல்பத்தில் இரண்டாவதாக 'சர்ஃபின்' பாட்டை மறுபடி பாடியிருக்கிறார்கள். அது 1961-இல் வந்த அவர்களின் முதல் பாட்டு. எழுதியவர்கள் பிரையனும் மைக்கும். 19 வயதில் எழுதிய பாட்டு 50 வயதில் பின்வாசல் வழியாக உள்ளே வந்திருக்கிறது. ஆள் வரவில்லை, கையெழுத்து வந்தது.

15 ஜூன் 2025

ஞாயிறு. ஆராதனை முடிந்து வந்ததும் சிடியைத் துடைத்துப் போட்டேன். 28 வருடத்தில் மூன்றாவது முறையோ நான்காவது முறையோ.

முதலில் காதில் விழுவது டிரம்ஸ். டிரம்ஸ் என்று சொல்வதே மரியாதை. பெட்டியில் அடைத்த தட்டு. அதற்கு மேல் கீபோர்டு, அதற்கு மேல் குரல்கள், கண்ணாடித் தாளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல. தயாரித்தவர் டெர்ரி மெல்சர். அப்போதுதான் வந்துகொண்டிருந்த புரோ டூல்ஸ் மென்பொருளை வைத்து மேக் கணினியில் பதிவு செய்தார்கள். அப்படிச் செய்யப்பட்ட முதல் சில ஆல்பங்களில் இதுவும் ஒன்று. இன்று ஊரில் கல்யாண வீடியோக்காரரிடம்கூட அந்த மாதிரி ஒன்று இருக்கிறது. அன்று அது அதிசயம்.

இதைக் கேட்டதும் எனக்கு 2020 ஞாபகம் வந்தது. சொல்லித்தான் ஆக வேண்டும்.

நான் எங்கள் கோயில் கொயரில் 30 வருடமாக டெனர் பாடுகிறேன். நம் ஊரில் பொதுவாகக் கோரஸ் என்றால் எல்லோரும் ஒரே ஸ்வரத்தைச் சத்தமாகப் பாடுவது. கொயர் அப்படி இல்லை. சோல்ஃபா, அதாவது டோ-ரே-மீ எழுத்தில் ஸ்வரம் எழுதிய தாளை வைத்துக்கொண்டு சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று நாலு பேர் நாலு வழியில் போய் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டும். சேரும்போது காற்றில் ஒரு அதிர்வு வரும். அது வந்துவிட்டால் கொயரை நடத்தும் எங்கள் சார் கையை இறக்கிவிடுவார். வராவிட்டால் "திரும்ப" என்பார். அந்த ஒரு சொல்லைத்தான் 30 வருடமாகக் கேட்கிறேன்.

2020 ஈஸ்டருக்கு ஊரடங்கு. கோயில் பூட்டு. நாங்கள் 14 பேர் அவரவர் வீட்டில் இயர்போன் மாட்டிக்கொண்டு போனில் பாடி அனுப்பினோம். அக்கா மகன் அதையெல்லாம் கணினியில் சேர்த்தான். யோசனை என்னுடையது, அதனால் பழியும் எனக்கே. ஆல்ட்டோவில் ஒரு அக்கா எப்போதும் அரை மாத்திரை தாமதமாக வருவார். பையன் அதை இழுத்துச் சரி செய்தான். பேஸ் அண்ணாச்சியின் சுருதியைத் தூக்கி நிறுத்தினான். இரண்டாம் சரணத்தில் என் குரல் கம்மியிருந்ததால் முதல் சரணத்திலிருந்து வெட்டி ஒட்டினான். முடித்து அனுப்பினோம். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் செத்த பிணத்துக்குப் பவுடர் போட்டதுபோல இருந்தது. அந்த அக்கா கேட்டுவிட்டு, "இதுல நான் இருக்கேனா?" என்றார்.

'சம்மர் இன் பாரடைஸ்' அந்த ஈஸ்டர் பாட்டு மாதிரி இருக்கிறது. இவ்வளவுதான் என் கட்சி.

16 ஜூன் 2025

"இது உணர்ச்சி, காரணம் அல்ல" என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். சரி, காரணமே சொல்கிறேன்.

பியானோவிலோ கீபோர்டிலோ ஒரு மேஜர் கார்டு, அதாவது ச-க-ப மூன்றையும் சேர்த்து, அழுத்தினால் நடுவில் வரும் காந்தாரம், இயற்கையாகச் சேர வேண்டிய இடத்தைவிட சுமார் 14 சென்ட் மேலே இருக்கும். சென்ட் என்பது பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளுக்கு நடுவிலுள்ள தூரத்தில் நூற்றில் ஒரு பங்கு. துணை வாத்தியம் இல்லாமல் மனிதர்கள் பாடும்போது, ஒருவரையொருவர் கேட்டால், அந்தக் காந்தாரத்தைப் பாடுகிறவர் தன்னையறியாமல் ஒரு மயிரிழை கீழே இறங்குவார். அப்போது கார்டு பூட்டிக்கொள்ளும். தம்புராவோடு அந்தர காந்தாரம் பாடிப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். 1966-இல் பதிவாகி 1969-இல் வெளிவந்த 'அவர் பிரேயர்' என்ற வார்த்தையில்லாத ஒரு நிமிடப் பாட்டைக் கேளுங்கள். வாத்தியமே கிடையாது. பூட்டு விழும் சத்தம் கேட்கும்.

கீபோர்டும் நிரல் போட்ட தாளமும் முதலில் போய் உட்கார்ந்துகொண்டால், பாடுகிறவர் பக்கத்துக் குரலைப் பார்க்க மாட்டார், மெஷினைப் பார்ப்பார். சுருதி சரியாக இருக்கும். பூட்டாது.

18 ஜூன் 2025

சாருக்கு 81 வயது. மாலையில் போய்ப் பார்த்தேன். பழைய 'சர்ஃபின்' ஒன்று, புது 'சர்ஃபின்' ஒன்று, எது யார் என்று சொல்லாமல் போனில் போட்டேன். 1961 பதிவு ஒன்றும் பெரிய சாதனையில்லை. கார்லுக்கு 15 வயதுகூட நிரம்பவில்லை, ஒரு கிட்டார், ஒரு பேஸ், ஏதோ டப்பாவைத் தட்டுகிற மாதிரி தாளம், பையன்கள் கத்துகிறார்கள்.

சார் முதல் பாட்டுக்குச் சிரித்தார். "பயலுவ அடங்கமாட்டானுவ போல." இரண்டாவதற்குக் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துவிட்டு, "இவங்க எங்கல மூச்சு விடுதாங்க?" என்று கேட்டார்.

ஜெயித்துவிட்டேன் என்று வீட்டுக்கு வந்தேன்.

19 ஜூன் 2025

ஜெயிக்கவில்லை. ஹெட்போனில் மறுபடி கேட்டேன். மூச்சு பல இடங்களில் கேட்கிறது. சாரிடம் நான் போட்டது போன் ஸ்பீக்கரில். தவிர, 81 வயதுக் காது. சாட்சியை நான்தான் தயார் செய்தேன் என்றாகிறது.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று, நேற்றிரவு படுத்தபின் உறைத்தது. 'பெட் சவுண்ட்ஸ்' மட்டும் எல்லோரும் ஒரே மூச்சில் பாடியதா என்ன? வாத்தியமெல்லாம் ஹாலிவுட்டின் ஸ்டுடியோ இசைக்கலைஞர்கள் முன்கூட்டியே வாசித்து வைத்தது. மற்றவர்கள் கச்சேரிப் பயணத்தில் இருந்தபோது பிரையன் தயாராக வைத்திருந்த தடங்களின் மேல்தான் பின்னால் வந்து பாடினார்கள். குரலின் மேல் குரலாக இரட்டிப்பு வேறு. 'காட் ஒன்லி நோஸ்' கடைசியில் சுழன்று சுழன்று வருகிற அந்தக் குரல்கள் கார்ல், பிரையன், புரூஸ் மூவருடையவை. அதிலும் பிரையன் குரல் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் வருகிறது. ஒருவரே இரண்டு ஆளாகப் பாடுவது எந்தக் கொயரில் உண்டு?

ஆக, "அடுக்கினால் செத்துவிடும்" என்ற என் கட்சி பாதி செத்துவிட்டது.

20 ஜூன் 2025

இன்று பிரையனின் பிறந்தநாள். இருந்திருந்தால் 83.

யோசித்துப் பார்த்தேன். வித்தியாசம் அடுக்குவதில் இல்லை, "திரும்ப" என்று சொல்ல ஆள் இருந்ததா என்பதில் இருக்கிறது. அந்தக் காலத்து ஒத்திகை நாடாக்கள் வெளியே வந்திருக்கின்றன. 'பெட் சவுண்ட்ஸ்' நாடாக்களில் பிரையன் பாட்டை நிறுத்தி நிறுத்தித் திரும்பப் பாட வைக்கிறார். இத்தனைக்கும் அவருக்கு வலது காது கிட்டத்தட்டக் கேட்காது. சிறுவயதில் வளர்ந்த ஹாதார்ன் ஊர் வீட்டில் மூன்று தம்பி அண்ணன்களும் ஒரே அறையில் படுத்துக்கொண்டு பாடிய காலத்திலேயே, ஃபோர் ஃபிரெஷ்மென் என்ற நால்வர் குரல் குழுவின் இசைத்தட்டைத் துண்டு துண்டாகக் கேட்டு ஒவ்வொரு குரலையும் பிரித்துத் தம்பிகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். எங்கள் சார் வேலை.

அப்படியென்றால் முதல் நாள் கேட்டவர் சொன்னதுதான் சரியா? பிரையன் இல்லாததால்தான் கெட்டதா? சுற்றி வளைத்து அங்கேயே வந்து நிற்கிறேனா?

இல்லை. 'ஹாலண்ட்' காலத்தில் அந்த வேலையைக் கார்ல் செய்தார். 1992-இல் கார்ல் ஸ்டுடியோவில் பாடகராக மட்டும் வந்துபோனதுபோல என் காதுக்குப் படுகிறது. மெஷின் குற்றவாளி இல்லை. மெஷின் இருந்ததால் யாரும் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. எங்கள் ஈஸ்டர் பாட்டிலும் அதுதான் நடந்தது, சார் வீட்டில் ஸ்மார்ட்போன் இல்லை. இதை நான் 15-ஆம் தேதி எழுதியபோது யோசிக்கவே இல்லை.

21 ஜூன் 2025

இந்த ஆல்பத்தை முன்னின்று செய்த மைக் லவ்வைத் திட்டச் சொல்லி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அது எல்லோரும் செய்கிற வேலை. நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் நிற்கிறேன்.

1988 நவம்பரில் இவர்களின் 'கோகோமோ' பாட்டு அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது. 1966 டிசம்பரில் 'குட் வைப்ரேஷன்ஸ்' முதலிடம் பிடித்த பிறகு 22 வருடம் கழித்து. பிரையன் அதில் இல்லை. தயாரிப்பு இதே மெல்சர். 22 வருடம் மழை இல்லாத காட்டில் ஒரு மழை பெய்தால் விவசாயி அடுத்த வருடமும் அதே விதையைத்தானே போடுவான்? மைக் போட்டார். கடற்கரை, தீவு, கோடை, பழைய காதல். டிரிஃப்டர்ஸ் பாடியது ஒன்று, ஷாங்ரி-லாஸ் பாடியது ஒன்று, ஸ்லை ஸ்டோன் பாடியது ஒன்று என்று மற்றவர்களின் கோடைப்பாட்டுகளையும் வாரிப் போட்டார். ஆனால் 'கோகோமோ'வில் ஆட்கள் உட்கார்ந்து வாசித்தார்கள். அதில் அக்கார்டியன் வாசித்தவர் 'ஸ்மைல்' பாட்டுகளுக்கு வார்த்தை எழுதிய வான் டைக் பார்க்ஸ். விதை அதேதான், மண்ணைக் கவனிக்கவில்லை.

இன்னொன்று. அதே 1992-இல் மைக் பிரையன்மீது வழக்குப் போட்டார். பேராசை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 1994 டிசம்பரில் 35 பாட்டுகளில் அவருக்கும் பங்கு உண்டென்று தீர்ப்பானது. 'கலிஃபோர்னியா கேர்ள்ஸ்' அதில் ஒன்று. 29 வருடம் தன் வார்த்தைகளைத் தானே மேடையில் பாடிக்கொண்டு, தட்டில் பெயர் இல்லாமல் இருந்திருக்கிறார். தவிர, கீழே நின்று பேஸ் பாடுகிறவனை எந்தக் கொயரிலும் யாரும் கண்டுகொள்வதில்லை. எங்கள் அண்ணாச்சியைக் கேட்டுப் பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் 'சம்மர் ஆஃப் லவ்' பாட்டில் 51 வயதில் அவர் ராப் பாடுவதை என்னால் மன்னிக்க முடியாது. எல்லாவற்றுக்கும் ஒரு எல்லை உண்டு.

24 ஜூன் 2025

'சம்மர் இன் பாரடைஸ்' கடைசியில் வரும் 'ஃபாரெவர்' பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், அதே டென்னிஸ் பாட்டுதான். பாடியது ஜான் ஸ்டேமோஸ், 'ஃபுல் ஹவுஸ்' தொலைக்காட்சித் தொடரின் நடிகர். அந்தத் தொடரில் தன் கல்யாணக் காட்சியிலும் இதைப் பாடியிருப்பார். மேடையில் இவர்களோடு டிரம்ஸ் வாசித்தவர், உண்மையான ரசிகர். மோசமாகப் பாடவில்லை. ஆனால் செத்துப்போன தம்பியின் பாட்டை, அவனோடு ஒரே அறையில் படுத்து வளர்ந்த கார்ல் பக்கத்தில் இருக்கும்போது, ஒரு விருந்தாளியிடம் கொடுப்பார்களா? எங்கள் ஊரில் பாடை தூக்கக்கூட முறை பார்ப்பார்கள்.

விற்பனையை வைத்து அளக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: அந்தப் பாட்டு முதலில் வந்த 'சன்ஃபிளவர்' அமெரிக்காவில் 151-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. அதுவும் தோல்விதான். இன்று அதைக் கொண்டாடுகிறோம். அதனால் 'சம்மர் இன் பாரடைஸ்' விற்கவில்லை என்பது ஒன்றையும் நிரூபிக்காது. கொண்டாடப்படும் என்றும் நான் சொல்லவில்லை.

2 ஜூலை 2025

"1996-இல் வந்த கன்ட்ரி ஆல்பம் இதைவிட மோசம் இல்லையா?" அதில் முன்னால் பாடுவது நாஷ்வில் பாடகர்கள், இவர்கள் பின்னால் ஹார்மனி மட்டும். என் காதுக்கு அது சலிப்பு, இது வருத்தம். சலிப்பான ஒன்றைப் பற்றி மூன்று வாரம் எழுத மாட்டேன்.

2012-இல் 50-ஆம் ஆண்டுக்காகச் சேர்ந்து செய்த ஆல்பம் மூன்றாம் இடம் வரை போனது. குரல்களை இஸ்திரி போட்டிருக்கிறார்கள், அங்கங்கே மடிப்புத் தெரிகிறது. ஆனாலும் கடைசி மூன்று பாட்டுகளைக் கேட்டபோது பைக்கை ஓரம் கட்டி நிறுத்தினேன். எழுபது வயதுக்காரர்கள் கோடை முடிந்ததைப் பாடுகிறார்கள். கார்ல் இல்லை. 1998 பிப்ரவரியில் நுரையீரல் புற்றுநோயில் போய்விட்டார். 51 வயது. மைக் ராப் பாடிய வயது.

9 ஆகஸ்ட் 2025

ஒரு மாதமாக இந்தப் பக்கம் வரவில்லை. இன்று வந்ததற்குக் காரணம் ஒரு பாட்டு.

ஆல்பத்தில் 'லஹாயினா அலோஹா' என்று ஒன்று. மைக்கும் கார்லும் பாடுவது. லஹாயினா, ஹவாயின் மௌயி தீவில் ஒரு பழைய துறைமுக ஊர். 2023 ஆகஸ்ட் 8-ஆம் தேதி காட்டுத்தீயில் அந்த ஊர் எரிந்துபோனது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். செய்தியில் ஊர்ப் பெயரைக் கேட்டபோது எங்கே கேட்ட பெயர் என்று தேடித் தேடி, கடைசியில் இந்த இரண்டு டாலர் சிடியில் வந்து நின்றேன். நேற்று இரண்டு வருடம். மறுபடி போட்டேன்.

சுற்றுலா விளம்பரத்துக்குப் போட்ட பாட்டு மாதிரி இருக்கும். இப்போதும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் நடுவில் கார்ல் குரல் எடுக்கும்போது, பாடுகிறவரும் இல்லை, பாடப்படுகிற தெருக்களும் இல்லை. பாட்டு நன்றாகிவிடவில்லை. நிறுத்த முடியவில்லை, அவ்வளவுதான்.

10 ஆகஸ்ட் 2025

சிடியைக் கேட்டு இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். விற்பனைக்கு இல்லை. பிரதி எடுத்துத் தரவும் முடியாது, கணினியில் சிடி போடுகிற பெட்டி போன வருடமே போய்விட்டது.

அப்புறம், இன்று பயிற்சியில் டெனரில் நான் ஒருத்தன்தான். சார் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரே வரியை ஒன்பது முறை திரும்பப் பாட வைத்தார். அந்த அக்கா ஒன்பது முறையும் அரை மாத்திரை தாமதம்.